கவுலி சாலையில் ஒரு வீடு

இங்கிலாந்துக்குப் போகிற தமிழர்களில் ஆக்ஸ்போர்டைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் குறைவு. பாட்லியன் நூல்நிலையமும், திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் 1936 முதல் 1952 வரையில் கீழைநாட்டுச் சமயங்களைப் போதித்த ஆசனமும், திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலமாக்கிய ஜி.யு. போப் துயிலும் கல்லறையும் நம்மவரை அந்த ஊருக்கு அழைத்துக்கொண்டே இருக்கின்றன. அந்த ஆவல் எனக்கும் உண்டு. ஆனால் இந்தத் தடவை நான் பிரயாணம் கிளம்பியதற்கு முதற்காரணம் வேறு. நகரின் கிழக்குப் புறத்தில், கவுலி சாலைக்கும் இஃப்லி சாலைக்கும் இடையே, கன்னியர் மடம் ஒன்றின் தோட்டத்தில், 1982-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஒரு சிறு இல்லம் திறக்கப்பட்டது. நெடுநாள் வாழ இயலாத நோய்களோடும் கடுமையான ஊனங்களோடும் பிறந்த, அல்லது இடையில் அவற்றை அடைந்த, குழந்தைகளைச் சில நாள் ஏற்று வைத்துக்கொண்டு, அவர்களுடைய தாய் தந்தையரை நிம்மதியாகத் தூங்கச் சொல்லி அனுப்புவதையே தன் தொழிலாகக் கொண்ட இல்லம் அது. உலகத்திலேயே குழந்தைகளுக்கென்று ஏற்பட்ட முதல் 'ஹாஸ்பிஸ்' அதுதான். அந்தத் தெருவில் ஒரு தரம் நடந்துவிட வேண்டும் என்று எனக்கு நீண்ட நாளாக ஆசை.

ஆசைக்கு வேர் எங்கள் வீட்டிலேயே இருந்தது. என் தமக்கையின் மகன் மூளைவாதத்தோடு பிறந்தவன். காவிரிக்கரைக் கிராமம் ஒன்றில், முன்கட்டில் கிடந்த கட்டிலே அவனுக்கு உலகம். அவனே என் தமக்கைக்கு உலகம். முப்பது வருஷத்துக்கு மேலாக அவள் ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை; பக்கத்து ஊர்க் கோயிலின் கும்பாபிஷேகத்துக்குப் போனதில்லை; ஓர் இரவு முழுவதும் கண்மூடியதாக அவளுக்கு ஞாபகம் இல்லை. ஊரார் அவளைத் தெய்வம் என்றார்கள், பொறுமையில் பூமாதேவி என்றார்கள். அப்படிச் சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். அந்தப் பையனை ஒரே ஒரு நாள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ போய்வா என்று சொல்ல ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அவனுக்கு எப்படிச் சோறூட்டுவது, வலிப்பு வந்தால் எந்தப் பக்கமாகப் படுக்கவைப்பது என்பது அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. தாயின் தியாகத்தைப் பாடிப் பாடிப் பழகிப்போன ஒரு சமூகம், அந்தத் தியாகத்துக்கு ஒரு மாற்றாள் தேவை என்பதை எண்ணிப் பார்க்கவே மறந்துவிடுகிறது என்ற எண்ணம், அந்த வீட்டு முன்கட்டில் உட்கார்ந்திருந்த பொழுதுகளில்தான் எனக்கு உறுதிப்பட்டது.

லண்டனில் நான் தங்கியது யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவருடைய தங்கையின் வீட்டில். நகரத்தின் வடமேற்கே, ஈழத் தமிழர் நிறைய வாழும் ஹாரோ பகுதியில், ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகளில் ஒன்று அது. கணவர் இரவு வேலைக்காரர். மூத்தது பெண், பதினான்கு வயது. இளையவன் பதினொரு வயதுப் பையன். அவனுக்கும் மூளைவாதம், வலிப்பும் உண்டு. பேச்சு இல்லை; ஆனால் சிரிப்பு உண்டு, அதில் பல தினுசு உண்டு, அவற்றின் பேதங்களை அந்தத் தாய் எனக்கு விளக்கிச் சொன்னபோது ஒரு வித்வான் ராக பேதங்களைச் சொல்வதைப் போல நுணுக்கமாக இருந்தது. அவர்கள் வாயில் 'ரெஸ்பிட்', அதாவது இடை ஓய்வு, என்ற ஒரு சொல் அடிக்கடி வந்தது: "இந்த வெள்ளி அவனுக்கு றெஸ்பிற்", "றெஸ்பிற்றிலை இருந்து போன் வந்தது" என்பார்கள். நகரசபையின் பொறுப்பில் நடக்கும் சிறு இல்லம் ஒன்றில் பையன் மாதத்துக்கு ஒரு முறை வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரை தங்குகிறான் என்று அறிந்துகொண்டேன். ஆக்ஸ்போர்டுக்கு நான் போக நினைத்த சனிக்கிழமை அந்த இடைவெளிக்குள் வந்தது. "அப்ப நாங்களும் வாறம் அண்ணா, நானும் பிள்ளையும்" என்றாள் அந்தத் தங்கை. சொன்ன வேகத்திலேயே, சொன்னது சரிதானா என்பது போல் பையனைத் திரும்பிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை அவனைக் கொண்டுபோய் விடும்போது நானும் கூடப் போனேன். ஆஸ்பத்திரி வாடை சிறிதும் இல்லாத, தெருவில் உள்ள மற்ற வீடுகளினின்று எவ்விதத்திலும் வேறுபடாத வீடு. வாசற்படிக்குப் பதிலாகச் சரிவுப்பாதை இருந்தது ஒன்றே அடையாளம். உள்ளே ஐந்தாறு அறைகள். கூரையில் ஓடும் தண்டவாளத்தில் தொங்கும் 'ஹோய்ஸ்ட்' என்கிற தூக்குப் பொறி, ஒரு தொட்டிலைப் போன்ற துணியில் குழந்தையை ஏந்திக் கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் நோகாமல் கொண்டுபோய்விடும். என் தமக்கை வளர்ந்த பிள்ளையை இடுப்பில் முட்டுக்கொடுத்துத் தூக்கித் தூக்கி முதுகெலும்பைத் தேய்த்துக்கொண்டதை நினைத்து அந்தத் தண்டவாளத்தின் அடியில் வெகுநேரம் நின்றேன்.

அங்கே நடந்த ஒப்படைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த ஏற்பாட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது. தாய் கொண்டுவந்த மருந்து டப்பாக்களை மேஜைமேல் வைத்தாள். ஊழியர்கள் இருவர், ஒருவர் எண்ண மற்றவர் பார்த்திருக்க, மாத்திரைகளை ஒவ்வொன்றாக எண்ணி, எண்ணிக்கையைப் புத்தகத்தில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டார்கள். வலிப்பு ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் கன்னத்தின் உட்புறம் செலுத்த வேண்டிய மிடாசோலம் என்ற மருந்து எங்கே வைக்கப்படும், அதைச் செலுத்தப் பயிற்சி பெற்றவர் அன்றிரவு யார் என்பது சொல்லப்பட்டது. பிறகு 'என்னைப் பற்றி' என்ற தலைப்போடு பையனே பேசுவது போல எழுதப்பட்ட ஒரு குறிப்பேட்டைப் பிரித்தார்கள். எனக்குத் தண்ணீரை அப்படியே தரக்கூடாது, பொடி கலந்து கூழ்ப்பதமாக்கித் தரவேண்டும். இடப்பக்கமாகப் படுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். தலையைப் பின்னாலிருந்து திடீரென்று தொட்டால் பயந்துவிடுவேன். சீர்காழி கோவிந்தராஜனின் குரலைக் கேட்டால் அழுகையை நிறுத்திவிடுவேன் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. ஜமெய்க்காவிலிருந்து வந்து குடியேறிய வம்சத்தைச் சேர்ந்த ஓர் ஊழியப் பெண்மணி, அந்தப் பாடகரின் பேரைத் தன் நாவுக்கு வந்தபடி உச்சரித்து, "பாட்டுகள் என் போனில் இருக்கின்றன" என்றாள். முப்பது வருஷமாக என் தமக்கையின் மனசுக்குள் மட்டுமே இருந்து, அவளோடேயே போய்விடக்கூடிய ஞானமெல்லாம் இங்கே எழுத்தில் ஏறி, பிறர் கைக்கு மாற்றத்தக்கதாக ஆகியிருந்தது.

மறுநாள் விக்டோரியாவிலிருந்து புறப்பட்ட பஸ்ஸில் மேற்கு நோக்கிப் போனோம். லண்டனின் புறநகர்கள் ஓய்ந்து, சில்டன் குன்றுகளின் சுண்ணாம்புப் பாறையை வெட்டி அமைத்த கணவாயினூடே நெடுஞ்சாலை இறங்கும்போது, முன்னே ஆக்ஸ்போர்டு சமவெளி பச்சைப்பசேலென்று விரிகிறது. வானத்தில் செம்பருந்துகள் வட்டமிடுகின்றன. இங்கிலாந்தில் அடியோடு அற்றுப்போன அந்தப் பறவையினத்தை 1989 முதல் ஸ்பெயின் தேசத்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து இக்குன்றுகளில் விட்டு வளர்த்தார்கள். பெண் குழந்தை அவற்றை எண்ணிக்கொண்டே வந்தாள். தாயோ கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, அது ஒலிக்காதபோதும் எடுத்து எடுத்துப் பார்த்தபடி இருந்தாள்.

"பெத்த தாய் நான் இருக்க, பிள்ளையைப் பிறத்தியாரிட்டை விட்டிட்டுப் போறதோ எண்டு முதல் ரெண்டு வருசமும் நான் ஓமெண்டே சொல்லேல்லை அண்ணா," என்றாள். "கோயிலிலை சனம் என்ன கதைக்கும் எண்ட பயம் வேறை. பிறகு ஒரு நாள், விடிய நாலு மணிக்கு, அவனுக்கு மருந்து குடுக்கேக்கை, குடுத்தனானோ இல்லையோ எண்டு எனக்கே தெரியேல்லை. நித்திரை இல்லாமல் அறிவு மங்கிப்போச்சு. அண்டைக்குத்தான் சோஷல் வேர்க்கருக்கு நானே போன் எடுத்தன்."

அவள் சொன்ன அந்த விடியற்காலை நிலைமை ஒரு தாய்க்கு மட்டும் நேர்வதன்று. மென்காப் என்ற புகழ்பெற்ற சங்கம் 2003-ஆம் வருஷத்தில் வெளியிட்ட அறிக்கை ஒன்றில், கடுமையான ஊனமுள்ள குழந்தைகளை வளர்க்கும் குடும்பங்களை விசாரித்ததில், பத்துக்கு எட்டுக் குடும்பங்கள் தாங்கமுடியாத எல்லைக்கு வந்துவிட்டவை, அல்லது அதைத் தொட்டுத் திரும்பியவை என்று கண்டிருந்தது. அந்நாட்டில் ஆக்ஸ்போர்டு இல்லத்துக்கு முன்னும் இந்தப் பாரத்தைக் குறைக்கும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1970-களின் நடுவிலேயே லீட்ஸ் நகரிலும் சாமர்செட் பிரதேசத்திலும், ஊனமுற்ற குழந்தையைச் சாதாரணக் குடும்பம் ஒன்று தன் வீட்டிலேயே சில நாள் ஏற்றுக்கொள்ளும் முறையை ஆரம்பித்திருந்தார்கள். அதே குழந்தை, அதே குடும்பத்துக்கு, ஆண்டுக்கணக்காகப் போய்வரும். நாளாவட்டத்தில் அங்கே அதற்கு ஒரு சிற்றப்பனும் சித்தியும் கிடைத்துவிடுவார்கள். கூட்டுக் குடும்பத்தில் நம்மிடம் தானாக இருந்த ஒன்றை அவர்கள் யோசித்து, விதிகள் வகுத்து, வேதனம் கொடுத்து உண்டாக்கியிருக்கிறார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். அந்த வாதத்தை நான் அவ்வளவாக ஒப்புக்கொள்வதில்லை. நம் கூட்டுக் குடும்பங்களிலும் இத்தகைய குழந்தையின் பாரம் பெரும்பாலும் ஒரே ஒரு பெண்ணின் தலையில்தான் இறங்கியிருந்தது. மற்றவர்கள் அவளுக்கு அடுத்த அறையில் இருந்தார்கள் என்பதே வித்தியாசம்.

ஆக்ஸ்போர்டில் இறங்கியதும் முதலில் வால்டன் தெருவை ஒட்டிய பழைய இடுகாட்டுக்குப் போனோம். செடிகொடிகள் சூழ்ந்த அமைதியான இடம். 1908-இல் மறைந்த போப்பின் சமாதிமேல், அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் அன்பர்களும் சேர்ந்து கல் நாட்டியிருக்கிறார்கள். சாயர்புரத்திலும் தஞ்சையிலும் உதகையிலும் உழைத்த அந்தக் கிழவரை வணங்கினோம். பெண் குழந்தை பள்ளியில் மனனம் செய்திருந்த குறட்பாக்களைச் சொன்னாள். கல்லூரிகளையும் கோபுரங்களையும் பற்றி எழுதியவர்கள் அநேகர் ஆகையால் நான் அவற்றைத் தாண்டிப் போகிறேன். ஹை ஸ்ட்ரீட்டின் கோடியில் செர்வெல் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் ஊரின் முகமே மாறிவிடுகிறது. கல்விமான்களின் நகரம் பின்தங்கி, கவுலி மோட்டார்த் தொழிற்சாலையின் உழைப்பாளிகளும் பல தேசங்களிலிருந்து வந்து குடியேறியவர்களும் வாழும் நகரம் தொடங்குகிறது. கவுலி சாலையில் வங்காளத்துச் சாப்பாட்டுக்கடை, போலந்துக்காரரின் ரொட்டிக்கடை, மசூதி எல்லாம் வரிசையாக வருகின்றன. வலப்பக்கத்துக் கிளைத்தெருக்களுக்கு அப்பால் இருப்பது இஃப்லி சாலை. 1954 மே மாதம் 6-ஆம் தேதி ரோஜர் பானிஸ்டர் நான்கு நிமிஷத்துக்குள் ஒரு மைல் ஓடிய மைதானம் அதன் ஓரத்தில் உள்ளது. அந்த ஓட்டக்காரர் பின்னர் நரம்பியல் வைத்தியத்தில் பெரிய நிபுணரானார் என்பது, நாங்கள் போய்க்கொண்டிருந்த காரியத்தை உத்தேசித்து, அப்போது என் நினைவுக்கு வந்தது.

இல்லத்துக்குள் நாங்கள் போகவில்லை. வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு அது இடமல்ல; அப்படி இருப்பதுதான் நியாயமும்கூட. மரங்களுக்கு இடையே தெரிந்த தாழ்ந்த கூரையையும் சுற்றுச்சுவரையும் பார்த்துக்கொண்டு எதிர்ப்புற நடைபாதையில் நின்றபோது, அந்த வீட்டின் கதையை நான் தாய்க்கும் மகளுக்கும் சொன்னேன்.

1978-ஆம் ஆண்டு ஹெலன் என்ற சின்னஞ்சிறு பெண்ணுக்கு மூளையில் கட்டி கண்டது. சஸ்திர சிகிச்சை செய்து கட்டியை எடுத்தார்கள், உயிர் தப்பியது. ஆனால் ஓடியாடித் திரிந்த குழந்தை பேச்சும் அசைவும் இழந்து, எல்லாவற்றுக்கும் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலையில் கிடந்தது. வைத்தியம் செய்வதற்கு இனி ஒன்றுமில்லை என்று ஆன பிறகு பெற்றோர் அவளை வீட்டுக்கு எடுத்துவந்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு ஸ்நேகிதியாக வாய்த்தவர் சகோதரி பிரான்சிஸ் டாமினிக்கா. இளமையில் லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புப் படித்தவர். அப்போது ஆக்ஸ்போர்டில் ஆங்கிலிக்கன் திருச்சபைக் கன்னியர் மடம் ஒன்றின் தலைவி. பெற்றோரின் களைப்பைப் பக்கத்தில் இருந்து பார்த்த அவர், உபதேசமோ ஆறுதல் மொழியோ சொல்லவில்லை. குழந்தையைச் சிற்சில நாள் என்னிடம் விட்டுவைக்க உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். அவர்கள் சம்மதித்தார்கள். ஹெலன் மடத்துக்கு வந்து தங்கினாள். பெற்றோர் தூங்கினார்கள், வெளியூர் போய்வந்தார்கள், மீண்டும் பெண்ணை அழைத்துப்போய்ப் புதிய தெம்போடு பார்த்துக்கொண்டார்கள். ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த இந்தச் சகாயம், இதே நிலையில் இருக்கும் மற்றக் குடும்பங்களுக்கும் ஏன் கிடைக்கக்கூடாது என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் அந்த இல்லம். ஒரு சமயத்தில் எட்டுக் குழந்தைகளே தங்கலாம் என்று சிறியதாகக் கட்டினார்கள். வீடு என்பது எட்டுக் குழந்தைகளுக்கு மேல் போனால் ஸ்தாபனமாகிவிடும் என்பதை அந்த அம்மையார் உணர்ந்திருந்தார் என்று நினைக்கிறேன். அந்தக் குழந்தையின் பெயரே வீட்டின் பெயராயிற்று: ஹெலன் ஹவுஸ்.

மரணத்தை எதிர்நோக்கும் குழந்தைகளின் இடம் என்றுதான் வெளியுலகம் அதை அறியும். வாஸ்தவம்; அங்கே குழந்தைகள் இறந்தும் இருக்கிறார்கள், இறந்த குழந்தையை அடக்கம் செய்யும் நாள்வரை பெற்றோர் கூட இருந்து பார்த்துக்கொள்ளத் தனியே குளிர்ந்த சிற்றறையும் உண்டு. ஆனாலும் அங்கே வரும் குழந்தைகளில் பெரும்பாலோர் சில நாள் தங்கிவிட்டு வீடு திரும்புகிறவர்கள். மறுபடி மறுபடி, வருஷக்கணக்காக வருகிறவர்கள். அந்த வீட்டைப் பின்பற்றி 1987-இல் யார்க்ஷயரில் மார்ட்டின் ஹவுஸ் எழுந்தது. இன்று பிரிட்டனில் இத்தகைய இல்லங்கள் ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன.

நல்ல காரியம் ஆரம்பமானால் அது தானே நிலைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. குழந்தைகள் வளர்ந்து பதினாறு வயதைத் தாண்டியபோது அவர்களுக்கென்று அதே தோட்டத்தில் டக்ளஸ் ஹவுஸ் என்று இரண்டாவது வீட்டை 2004-இல் திறந்தார்கள். பதினான்கு வருஷம் நடந்து, பணமுடையால் 2018-இல் மூடிவிட்டார்கள். இவ்வீடுகள் பெரும்பாலும் ஜனங்களின் நன்கொடையால் வாழ்கின்றன. வாலிபனாகிவிட்ட ஊனமுற்ற பிள்ளையின் தாய்க்கு, வயதும் கூடி உடம்பும் தளர்ந்த அந்தக் காலத்தில்தான் ஓய்வு அதிகம் வேண்டும். உதவியோ அப்போதுதான் மெலிகிறது. இதைச் சொன்னபோது அந்தத் தங்கை தன் மகனுக்கு இன்னும் எத்தனை வருஷம் என்று விரல்விட்டுப் பார்த்ததைக் கண்டேன்.

தர்மவான்களின் கொடையை மட்டும் நம்பியிராமல் சட்டத்தின் பலத்தையும் அந்நாட்டினர் தேடியிருக்கிறார்கள். 1989-ஆம் வருஷத்துக் குழந்தைகள் சட்டம், ஊனமுற்ற ஒவ்வொரு குழந்தையையும் உதவி தேவைப்படும் குழந்தையாகவே கருதவேண்டும் என்கிறது. 2008 முதல் 2011 வரை மூன்று வருஷத்தில் இந்தக் குறுகியகால ஓய்வு ஏற்பாடுகளுக்கென்று அரசாங்கம் 28 கோடி பவுன் ஒதுக்கியது. 2011 ஏப்ரலில் அமுலுக்கு வந்த விதிகளைப் படித்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்றும் அடங்கவில்லை. ஓய்வு கிடைக்காவிட்டால் குழந்தையைப் பார்த்துக்கொள்வதையே கைவிட நேரும் என்ற அந்திம நிலையில் உள்ளவர்களுக்கு மட்டுமல்ல, ஓய்வு கிடைத்தால் இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்ளக்கூடிய பெற்றோருக்கும் நகரசபைகள் வழிசெய்ய வேண்டும். அவர்கள் படிப்பதற்கும், பொழுதுபோக்குக்கும், மற்றப் பிள்ளைகளைக் கவனிப்பதற்கும், அன்றாட வீட்டு வேலையை முடிப்பதற்கும் அந்த நேரம் உதவ வேண்டும் என்று அதில் விவரமாக எழுதியிருக்கிறார்கள். ஒரு தாய் துணி மடிக்கவும், தன் இன்னொரு குழந்தையோடு பேசவும் வேண்டிய நேரத்தைப் பற்றி ராஜாங்கம் ஒன்று சட்டப் புத்தகத்தில் எழுதியதை நான் வேறெங்கும் கண்டதில்லை. பின்னால் வந்த சிக்கன ஆண்டுகளில் பல நகரசபைகள் இந்த ஓய்வு இரவுகளைக் குறைத்தன. சில இல்லங்கள் மூடப்பட்டன. பெற்றோர் சும்மா இருக்கவில்லை. நியாயஸ்தலம் வரை போனவர்களும் உண்டு. கேட்பதற்கு ஒரு விதி இருந்ததனால்தான் அவர்களால் கேட்க முடிந்தது.

நம் தேசத்திலும் இதன் வித்துக்கள் இல்லை என்று சொல்ல முடியாது. ஆட்டிசம், மூளைவாதம், அறிவுவளர்ச்சிக் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவை உள்ளவர்களுக்காக 1999-இல் ஒரு சட்டம் இயற்றி, நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பை மத்திய சர்க்கார் ஏற்படுத்தியது. தற்காலிகமாகத் தங்கவைத்துப் பராமரிக்க 'சமர்த்' என்றும், பகல் நேரப் பராமரிப்புக்கு 'விகாஸ்' என்றும், பராமரிப்பாளர்களைப் பயிற்றுவிக்க 'சஹயோகி' என்றும் அதில் திட்டங்கள் வகுத்தார்கள். தமிழ்நாட்டில் கடும் பாதிப்புள்ளவர்களுக்குத் தரும் பராமரிப்புத் தொகை 2023 முதல் மாதம் 2,000 ரூபாய். தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில், தாமே கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவரான எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தார், கிராமந்தோறும் வீடு தேடிச் சென்று குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறார்கள். இவையெல்லாம் பெரிய காரியங்கள், மனமாரப் போற்றுகிறேன். ஆனால் என் தமக்கையைப் போன்ற ஒரு தாய், அடுத்த மாதம் இரண்டு நாள் என் பிள்ளையை இங்கே விட்டுவிட்டுப் போகலாமா என்று, தன் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்க் கேட்கக்கூடிய தொலைவில் ஒரு வாசல் வேண்டும். பெரிய கட்டடம் வேண்டியதில்லை. தாலுகாவுக்கு நாலு கட்டிலும், வலிப்பைக் கண்டு பதறாத நாலு பேரும், எழுதிவைத்துப் படிக்கும் அந்தக் குறிப்பேடும் போதும், ஆரம்பித்துவிடலாம்.

கதையைக் கேட்டு முடித்த தாய் வெகுநேரம் அந்தக் கூரையையே பார்த்தாள். "அந்த மதர் கேட்ட மாதிரி எங்கடை ஆக்களிலை ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை அண்ணா," என்று மட்டும் சொன்னாள். பெண் குழந்தைக்கு இந்தப் பேச்சில் சலிப்புத் தட்டிவிட்டது. பாலத்தடியில் வாடகைக்கு விடும் தட்டைப் படகுகளை வரும்போதே பார்த்துவைத்திருந்தாள். நீண்ட கழியை ஆற்றின் அடியில் ஊன்றித் தள்ளும் படகு அது; பழகாதவர்கள் கையில் நேரே போகாது. கழியை மகள் பிடித்துக்கொண்டாள். தாய் எதிரே உட்கார்ந்து இரண்டு கைகளாலும் படகின் விளிம்பைப் பற்றியிருந்தாள். படகு கரையில் மோதியது, வில்லோ மரக்கிளைக்குள் புகுந்தது, வட்டமிட்டது. மகள் சிரித்த சிரிப்பு கரையில் நின்ற என் காதில் விழுந்தது. "அம்மா என்னோடை மட்டும் வந்தது இதுதான் முதல்தரம், மாமா," என்று கரையேறியதும் அவள் என்னிடம் சொன்னாள். அதில் தம்பியின்மேல் குறை எதுவும் இல்லை. கடைக்கு முன் நின்று அவனுக்கென்று ஒரு மணி கட்டிய பொம்மையைத் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான். நான் மேலே சொன்ன விதி மற்றப் பிள்ளைகளை ஏன் குறிப்பிடுகிறது என்பதற்கு வியாக்கியானமாக வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பொழுது சாயும்போது கைபேசி ஒலித்தது. மூவரும் நின்றுவிட்டோம். பையன் சோறு முழுவதையும் சாப்பிட்டான், வலிப்பு இல்லை, தோட்டத்தில் வெயில் காய்ந்தான் என்று அந்த ஜமெய்க்கப் பெண்மணி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதன் பிறகு திரும்பும் பஸ்ஸில், லண்டன் விளக்குகள் வரும்வரை, தாய் உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

ஞாயிறு மாலை மறுபடியும் அந்தச் சரிவுப்பாதை ஏறினோம். தாயின் குரல் கேட்டதும் பையனுடைய உடம்பு முழுவதும் சிரித்தது. எஞ்சிய மாத்திரைகளை மறுபடி இருவர் எண்ணினார்கள், கணக்கு ஒத்தது. இரவில் இரண்டு முறை விழித்தான், ஒரு முறை பாட்டுக்கு அடங்கினான், மற்றொரு முறை அடங்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டபின் தூங்கினான் என்று ஊழியர் நேரம் குறித்து எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினார். தாய் குறிப்பேட்டை வாங்கி, தலையணை உயரத்தைப் பற்றிய வரியைத் திருத்தினாள்; போன மாதத்தைவிட அவன் வளர்ந்துவிட்டான் என்றாள். அப்புறம் ஆகஸ்டு மாதத்துக்கு எந்த வாரம் வேண்டும் என்று கேட்டு ஊழியர் நாட்காட்டியைத் திருப்பினார். ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு காலியாக இருந்தது. தாய் அந்தத் தேதிகளை உற்றுப் பார்த்துவிட்டு, அது வேண்டாம், அதற்கு அடுத்த வாரம் தாருங்கள் என்றாள். அந்த ஞாயிறு ஈலிங் கனகதுர்க்கை அம்மனுக்குத் தேர். நெரிசலுக்குப் பயந்தும் தன் களைப்புக்குப் பயந்தும் இத்தனை வருஷம் போகாமல் இருந்துவிட்டாள். இந்த வருஷம் அவனையும் வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு எல்லோருமாகப் போகப்போகிறார்கள். ஊழியர் அடுத்த வாரத்தைக் குறித்துக்கொண்டு, தேர் என்றால் என்ன என்று கேட்டார். பெண் குழந்தை கைகளை உயர உயர்த்தி அதன் உயரத்தைக் காட்டிச் சொல்லத் தொடங்கினாள்.